கட்டடம் இருக்கிறது, மருத்துவர் இல்லை: தொகுதிக் குறையைச் சபையில் எழுப்பும் வழி

தமிழ்நாடு சட்டப்பேரவையின் கேள்வி நேரத்தைச் சில நாட்கள் தொடர்ந்து கேட்டவர்களுக்கு இரண்டு வாக்கியங்கள் மனப்பாடமாகியிருக்கும். "ஆரம்ப சுகாதார நிலையம் அமைக்க அரசு முன்வருமா?" என்று உறுப்பினர் கேட்பார். "அத்தகைய கருத்துரு ஏதும் தற்போது அரசின் பரிசீலனையில் இல்லை" என்று அமைச்சர் பதில் சொல்வார். 2022 ஜனவரி முதல் கேள்வி நேரம் நேரலையில் வருவதால், இந்தப் பதிலைத் தொகுதி மக்களும் அதே நிமிடத்தில் கேட்டுவிடுகிறார்கள். நம் எம்.எல்.ஏ. கேட்டார், அரசு மறுத்துவிட்டது என்றுதான் அவர்களுக்குத் தோன்றும்.

உண்மையில் அங்கே யாரும் எதையும் மறுக்கவில்லை. கருத்துரு என்பது கீழிருந்து மேலே போகும் கோப்பு. சுகாதாரம் என்றால் மாவட்டச் சுகாதார அலுவலர் எழுத வேண்டும், சாலை என்றால் கோட்டப் பொறியாளர், பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலர். அது இயக்குநரகத்துக்குப் போய், அங்கிருந்து தலைமைச் செயலகத்தில் துறைச் செயலாளரின் மேசைக்கு வந்தால்தான் "அரசின் பரிசீலனையில்" இருக்கிறது என்று பொருள். கோப்பே கிளம்பாத ஒரு விஷயத்தைச் சபையில் கேட்டால், இல்லை என்பதைத் தவிர அமைச்சருக்கு வேறு பதில் கிடையாது. ஆகவே சபைக்குப் போகுமுன் உறுப்பினர் செய்ய வேண்டிய முதல் வேலை, மாவட்ட அலுவலரிடமிருந்து கருத்துருவை மேலே போக வைத்து, அந்தக் கடிதத்தின் ந.க. எண்ணையும் (கோப்பின் பதிவு எண்) தேதியையும் வாங்கி வைத்துக்கொள்வது. அந்த எண் கையில் இருந்தால், அமைச்சரின் பதிலைத் தொடர்ந்து உறுப்பினர் கேட்கும் துணைக் கேள்வியே வேறு மாதிரி அமையும்: "இன்ன தேதியில் இன்ன எண்ணில் இயக்குநரகத்துக்கு வந்த கருத்துரு எந்த நிலையில் இருக்கிறது?" இதற்கு "பரிசீலனையில் இல்லை" என்று எழுதிக் கொடுக்க எந்த அதிகாரியும் தயங்குவார்.

இது நடைமுறை சார்ந்த சிக்கல், பழகினால் தீர்ந்துவிடும். இதைவிட ஆழமான கோளாறு ஒன்று இருக்கிறது. மக்களின் குறை ஒன்று, சபையில் எழும் கோரிக்கை வேறொன்று.

மக்கள் கொண்டுவரும் மனுக்களைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலானவை ஏற்கெனவே இருக்கும் ஒன்று ஓடவில்லை என்பதைப் பற்றியவை. மருத்துவர் மதியத்துக்கு மேல் இல்லை, தண்ணீர் மூன்று நாளுக்கு ஒருமுறை வருகிறது, கடைசிப் பேருந்து நின்றுவிட்டது, பள்ளியில் கணக்கு ஆசிரியர் இல்லை. இவையெல்லாம் சபைக்குப் போகும்போது புதிய கட்டடம், புதிய தொட்டி, புதிய பணிமனை, பள்ளியின் தரம் உயர்வு என்று உருமாறிவிடுகின்றன. அடிக்கல் நாட்டலாம், கல்வெட்டில் பெயர் வரும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அரசுக் கணக்கின் அமைப்பிலேயே இருக்கிறது.

அரசின் ஒவ்வொரு செலவுக்கும் நான்கு இலக்கக் கணக்குக் குறியீடான பெருந்தலைப்பு ஒன்று உண்டு. 2 அல்லது 3 என்று தொடங்கினால் வருவாய்ச் செலவு: சம்பளம், மருந்து, மின்கட்டணம், பராமரிப்பு. 4 அல்லது 5 என்று தொடங்கினால் மூலதனச் செலவு: கட்டடம், புதிய சாலை, குழாய்த் திட்டம். மருத்துவத்துக்கு 2210 வருவாய்த் தலைப்பு, 4210 மூலதனத் தலைப்பு. குடிநீருக்கு 2215, 4215. சாலைக்கு 3054, 5054. மூலதனச் செலவு ஒருமுறை செய்தால் முடிந்துவிடும். அதற்குக் கடன் வாங்கவும் வழி உண்டு. ஆனால் ஒரு மருத்துவர் பணியிடத்தை உருவாக்கினால் அதற்கான சம்பளத்தை ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும், ஓய்வூதியச் சுமையும் பின்னால் வரும். அதனால் நிதித்துறை கட்டடத்துக்கு இசைவது எளிது, பணியிடத்துக்கு இசைவது கடினம். கட்டடம் கேட்கும் உறுப்பினருக்குக் கட்டடம் கிடைக்கிறது. மூன்றாண்டு கழித்து அதே ஊரிலிருந்து அதே மனு மறுபடியும் வருகிறது, இம்முறை புதிய கட்டடத்தில் ஆள் இல்லை என்று.

சுகாதார நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். "எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இல்லை" என்பது மனு. உறுப்பினர் அதை அப்படியே "மருத்துவர் பணியிடம் காலியாக உள்ளதா?" என்று கேட்டால் பதில் "இல்லை" என்று வரக்கூடும். அந்தப் பதில் பொய்யும் அல்ல. பணியிடம் நிரப்பப்பட்டிருக்கிறது, அதில் இருப்பவர் மாற்றுப்பணியில் மாவட்டத் தலைநகர் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். அல்லது மகப்பேறு விடுப்பில் இருக்கிறார். தமிழ்நாட்டில் அந்த விடுப்பு 12 மாதம், அது அவருடைய உரிமை. அந்த 12 மாதத்துக்கு மாற்று மருத்துவர் ஏற்பாடு இருந்ததா என்பதே கேட்கப்பட வேண்டியது. சம்பளப் பட்டியல் இந்த ஊரின் பெயரில் ஓடிக்கொண்டிருக்கும், ஆள் வேறு ஊரில் இருப்பார். ஆகவே வினா இப்படி அமைய வேண்டும்:

(அ) மேற்படி நிலையத்தில் அனுமதிக்கப்பட்ட மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்புநர் பணியிடங்கள் தனித்தனியே எத்தனை. (ஆ) குறிப்பிட்ட தேதி நிலவரப்படி அவற்றில் சம்பளம் பெறுவோர் எத்தனை பேர், அவர்களில் அதே நிலையத்தில் பணியாற்றுவோர் எத்தனை பேர். (இ) மாற்றுப்பணியில் சென்றோர் எத்தனை பேர், எந்த அலுவலரின் ஆணைப்படி, எந்தத் தேதியிலிருந்து. (ஈ) நீண்ட விடுப்பில் உள்ளோருக்கு மாற்று ஏற்பாடு என்ன.

அனுமதிக்கப்பட்டது, நிரப்பப்பட்டது, அங்கேயே இருப்பது என்னும் மூன்று எண்களையும் தனித்தனியே கேட்டால்தான் குறை எங்கே இருக்கிறதென்று தெரியும். முதல் எண்ணே குறைவு என்றால் புதிய பணியிடம் வேண்டும். அது நிதித்துறையின் இசைவோடு அரசாணை வரவேண்டிய வேலை, ஓராண்டுக்குக் குறையாது. இரண்டாவது எண் குறைவு என்றால் ஆள் தேர்வு செய்ய வேண்டும். அது 2012-இல் அமைந்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் கையில் இருக்கிறது. மூன்றாவது எண் மாற்றுப்பணியால் குறைவு என்றால் ஒரே ஒரு ஆணையை ரத்து செய்தால் போதும், அமைச்சர் நினைத்தால் அந்த வாரமே முடியும். இந்த மூன்றையும் கலந்து "டாக்டர் போடுங்கள்" என்று கேட்கும்போது, ஒரு வாரத்தில் தீரக்கூடியது ஓராண்டு வேலையோடு சேர்ந்து கிடப்பில் போய்விடுகிறது. இந்த ஒரு பிரிப்பை மட்டும் எல்லா உறுப்பினர்களும் செய்யத் தொடங்கினால்கூட, எத்தனையோ ஊர்களில் மருத்துவர் நாற்காலி நிரம்பும் என்று உறுதியாக நம்புகிறேன்.

மருந்து இல்லை என்ற புகாருக்கும் இதே அணுகுமுறைதான். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருவது 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு கணக்குப் புத்தகம் உண்டு, அதில் அந்த ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் மதிப்புக்கு மருந்து எடுக்கலாம் என்று இருக்கும். மாவட்டக் கிடங்கிலிருந்து அந்த அளவுக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். கிடங்கிலேயே சரக்கு இல்லையா, அல்லது கிடங்கில் இருந்தும் நிலையத்தின் வரம்பு தீர்ந்துவிட்டதா? முதலாவது கொள்முதல் கோளாறு. இரண்டாவது, நோயாளிகள் கூடிய அளவுக்கு ஒதுக்கீடு கூடவில்லை என்பதன் அடையாளம். வெளிநோயாளிப் பதிவேட்டின் மூன்றாண்டு எண்ணிக்கையையும் அந்த ஒதுக்கீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் அமைச்சரும் மறுக்க முடியாது.

தண்ணீருக்குக் கணக்கு வேறு. 2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் ஊரகத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வைத்திருக்கிறது. 2,400 பேர் வாழும் ஊருக்கு 1,32,000 லிட்டர் வேண்டும். ஊரில் 60,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி ஒன்று இருந்து, அது நாளுக்கு இரண்டு முறை நிரம்பினால் ஏறக்குறைய சரியாகிவிடும். ஒருமுறைதான் நிரம்புகிறது என்றால் தலைக்கு 25 லிட்டர். இந்த ஊருக்கு உறுப்பினர் "கூடுதலாக ஒரு தொட்டி" கேட்டால் என்ன ஆகும்? புதிய தொட்டி வரும், இருக்கிற 60,000 லிட்டர் இரண்டு தொட்டிகளில் பாதிப் பாதியாக நிற்கும். தொட்டி உயரத்திலிருந்து இறங்கும் அழுத்தமும் குறைந்து, கடைசித் தெருவுக்கு முன்பு வந்துகொண்டிருந்ததும் வராமல் போகலாம்.

எனவே கேள்வி தொட்டிக்கு முன்னால் தொடங்க வேண்டும். கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்றால் குடிநீர் வடிகால் வாரியம் ஊரின் தரைமட்டத் தொட்டி வரை கொண்டுவந்து கொடுக்கிறது. அதற்கப்பால் ஊராட்சியின் பொறுப்பு. அந்த இடத்தில் வரும் நீரை அளக்கும் ஓட்டமானி இருக்கிறதா, வேலை செய்கிறதா, திட்ட வடிவமைப்பின்படி இந்த ஊருக்கு நாளொன்றுக்கு எத்தனை லிட்டர், கடந்த மூன்று மாதத்தில் உண்மையில் வந்தது எத்தனை லிட்டர்? வந்தது குறைவு என்றால் குறை வாரியத்தினுடையது: வழியில் கசிவு, முறையற்ற இணைப்பு, மேட்டுப்பகுதி ஊர்களுக்கு முன்னால் பள்ளத்து ஊர்கள் இழுத்துக்கொள்வது. வந்தது சரி என்றால் ஊருக்குள் பார்க்க வேண்டும்: மோட்டார், வால்வு, தொட்டி இயக்குபவரின் சம்பளம், மின்கட்டண பாக்கி. ஊராட்சிகளில் மின்கட்டணமும் வாரியத்துக்கான குடிநீர்க் கட்டணமும் கட்டுவதற்கென்றே கணக்கு எண் 2 என்று தனி வங்கிக் கணக்கு இருக்கிறது. அதில் எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி என்பது ஊராட்சிச் செயலரிடமே கிடைக்கும். பல ஊர்களின் தண்ணீர்ப் பஞ்சம் இந்தக் கணக்கில்தான் மறைந்திருக்கிறது. கிராம சபையில் இதைக் கேட்டு வாங்கிய பிறகு சபைக்குப் போகும் உறுப்பினர், ஊராட்சிக்கான மாநில நிதிப் பகிர்வைப் பற்றியே உறுதியாகப் பேசலாம்.

சாலையைப் பொறுத்தவரை முதலில் தெரிய வேண்டியது அது யாருடைய சாலை என்பதே. மைல்கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையானால் மாநில நெடுஞ்சாலை. மாநில நெடுஞ்சாலைகளோடு மாவட்ட முக்கியச் சாலைகளும் இதர மாவட்டச் சாலைகளும் நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. ஒன்றியச் சாலையும் ஊராட்சிச் சாலையும் ஊரக வளர்ச்சித் துறையின் பொறுப்பு. நெடுஞ்சாலைத் துறை தன் செலவுக்குப் பேரவையிடம் பணம் கேட்கும் மானியக் கோரிக்கையின் விவாதத்தில் ஒன்றியச் சாலையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினால், அந்த ஐந்து நிமிடமும் வீண். ஒன்றியச் சாலையை நெடுஞ்சாலைத் துறைக்கு மாற்றித் தரம் உயர்த்தக் கேட்பது சரியான கோரிக்கைதான். ஆனால் அறிவிப்புக்கும் ஒப்படைப்புக்கும் இடைப்பட்ட காலத்தில் எங்களுடையது இல்லை என்று இரு துறையும் பள்ளத்தை மூடாமல் விடும் ஆபத்து உண்டு. கோரும்போதே இடைக்காலப் பராமரிப்பு யார் பொறுப்பு என்பதையும் சேர்த்துக் கேட்டுவிட வேண்டும். அகலப்படுத்தச் சொல்லும்போதும் எண்ணோடு சொல்வது நல்லது: ஒருவழித் தடம் 3.75 மீட்டர், இடைநிலைத் தடம் 5.5 மீட்டர், இருவழித் தடம் 7 மீட்டர். 3.75-இலிருந்து 5.5 ஆக்குவதற்குப் பல இடங்களில் இருக்கும் சாலை நிலமே போதும். 7 மீட்டர் கேட்டால் நிலம் எடுக்க வேண்டியிருக்கும், ஆண்டுகள் ஓடிவிடும்.

இனி பணத்துக்கு வருவோம். நிதிநிலை அறிக்கை உரையை எல்லோரும் கேட்கிறார்கள். தொகுதிக்கு வேலை நடப்பது மானியக் கோரிக்கைப் புத்தகங்களில். மருத்துவத்துக்குக் கோரிக்கை எண் 19, பள்ளிக் கல்விக்கு 43, ஊரக வளர்ச்சிக்கு 42, நெடுஞ்சாலைக்கு 21. அரசியலமைப்பின் 203-வது பிரிவின்படி இந்தக் கோரிக்கைகளைப் பேரவை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம், கூட்ட முடியாது. எந்த உறுப்பினரும் தம் தொகுதிக்காக ஒரு ரூபாய்கூட அதில் சேர்க்க இயலாது. இந்த வரம்பை அறியாமல் மக்களுக்கு வாக்குக் கொடுப்பவர்கள் பிற்பாடு சங்கடப்படுகிறார்கள்.

கூட்ட முடியாத இடத்தில் குறைக்கும் உரிமையைப் பயன்படுத்துவதே வெட்டுத் தீர்மானம். "இந்த மானியத்தில் ரூ.100 குறைக்கப்பட வேண்டும்" என்று கொடுப்பது, நூறு ரூபாயை மிச்சப்படுத்துவதற்காக இல்லை, குறிப்பிட்ட ஒரு குறையை அந்தக் கோரிக்கையின்மேல் பதிவு செய்யும் முறை அது. "சுகாதாரத் துறையின் செயல்பாடு குறித்து" என்று பொதுவாகக் கொடுத்தால் பொதுவான பதிலே வரும். ஊர், நிலையம், பணியிடம் என்று குறித்துக் கொடுத்த தீர்மானத்துக்குத் துறை தனியாகக் குறிப்புத் தயாரித்தாக வேண்டும். அந்தக் குறிப்பைக் கேட்டு மாவட்டத்துக்குத் தொலைபேசி போகும். சபையில் பேச நேரம் கிடைக்காவிட்டாலும் அந்தத் தொலைபேசியே பாதி வேலையை முடித்துவிடும்.

அந்தப் புத்தகத்தைப் புரட்டும்போது ஒரு எச்சரிக்கை. தொகைகள் ரூபாய் ஆயிரத்தில் அச்சிடப்பட்டிருக்கும். 45,000 என்று கண்டால் அது நாலரைக் கோடி. ஒரு திட்டத்துக்கு நேராக வெறும் 1 என்று இருந்தால் ஆயிரம் ரூபாய்: தலைப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள், பணம் இன்னும் இல்லை என்று பொருள். உரையில் அறிவிக்கப்பட்ட திட்டம் புத்தகத்தில் 1 என்று நிற்பதைக் கண்டுபிடித்துக் கேட்பது ஒரு உறுப்பினர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலைகளில் ஒன்று. ஒவ்வொரு தலைப்புக்கு நேராகவும் முந்தைய ஆண்டின் உண்மைக் கணக்கு, நடப்பாண்டின் மதிப்பீடு, திருத்த மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு என்று வரிசையாக இருக்கும். பேச்சாளர்கள் கடைசிக் கட்டத்தை மட்டும் பார்த்து "ஒதுக்கீடு உயர்ந்தது", "குறைந்தது" என்று மோதிக்கொள்கிறார்கள். பார்க்க வேண்டியது மதிப்பீட்டுக்கும் திருத்த மதிப்பீட்டுக்கும் இடையே உள்ள சரிவு. 10 கோடி ஒதுக்கி, திருத்தத்தில் 4 கோடியாக்கி, அடுத்த ஆண்டுக்கு மறுபடி 10 கோடி போட்டிருந்தால், அந்தத் துறைக்குச் செலவிடும் திறன் எங்கோ அடைபட்டிருக்கிறது. அங்கே கூடுதல் நிதி கேட்பதில் பயனில்லை. அடைப்பு எங்கே என்று கேட்க வேண்டும்.

அடைப்பு பெரும்பாலும் இந்தச் சங்கிலியில் எங்காவது இருக்கும்: அமைச்சரின் அறிவிப்பு, அரசாணை, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, உடன்பாடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தில் பதிவு, பட்டியல், பணம். அறிவிப்பு ஏப்ரலில் வந்தால் அரசாணை ஆகஸ்டில் வரும். ஒப்பந்தப்புள்ளிக்குத் தமிழ்நாட்டு விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்குக் குறைந்தது 15 நாளும் அதற்கு மேற்பட்டதற்கு 30 நாளும் அவகாசம் தர வேண்டும். ஒருவரே கலந்துகொண்டால் மறு ஒப்பந்தப்புள்ளிக்குப் போகக்கூடும். அதற்குள் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும், சாலை வேலை ஜனவரிக்குத் தள்ளிப்போகும். மார்ச் 31-க்குள் செலவழியாத தொகையைத் துறை திருப்பி ஒப்படைத்துவிடும். அல்லது அவசர அவசரமாகக் கடைசி மாதத்தில் செலவழிக்கும். மார்ச்சில் போட்ட தார் ஜூனிலேயே பெயர்ந்து வருவதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்திய கணக்கு மற்றும் தணிக்கைத் தலைவரின் அறிக்கைகள் இந்தக் கடைசி மாதச் செலவு நெரிசலைத் திரும்பத் திரும்பக் குறிப்பிடுகின்றன.

கையில் அரசாணை எண் இருந்தால், இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியில் நிற்கிறது என்பதை யாரும் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். உறுப்பினரின் அலுவலகம் இதைச் செய்யத் தயங்கத் தேவையில்லை. கூட்டத்தொடர் இல்லாத மாதங்களில் தகவல் திரட்ட இதைவிட எளிய வழி இல்லை. வினாவாகக் கேட்டால் சபை கூடும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும்.

அமைச்சர் "ஆவன செய்யப்படும்" என்று சொன்ன பிறகு என்ன நடக்கிறது என்பது பலருக்கும் தெரியாது. சபையில் அமைச்சர் தரும் உறுதிமொழிகளைக் குறிப்புகளிலிருந்து பொறுக்கி எடுத்து, நிறைவேறினவா என்று கேட்பதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. ஆனால் குழுவின் பிடிக்குள் வருவதற்கு செய்வதாகச் சொன்ன ஒரு திட்டமான செயல் வாக்கியத்தில் இருக்க வேண்டும். "உறுப்பினரின் கருத்து கவனத்தில் கொள்ளப்படும்" என்பதைப் பிடித்துக்கொண்டு எதையும் கேட்க முடியாது. "இந்த ஆண்டே எடுத்துக்கொள்ளப்படும்" என்பதைக் கேட்கலாம். துணைக் கேள்வியின் முழுத் திறமையும் இங்கேதான் தேவை. நன்றி சொல்லி, வாழ்த்துச் சொல்லி, தொகுதியின் பெருமை சொல்லி முடிப்பதற்குள் சபாநாயகர் "கேள்விக்கு வாருங்கள்" என்று சொல்லிவிடுவார். கிடைப்பது அரை நிமிடம். அதில் ஒரே ஒரு கேள்வி: "இப்பணி நடப்பு நிதியாண்டில் எடுத்துக்கொள்ளப்படுமா?" ஆம் என்றால் அது உறுதிமொழி. இல்லை என்றால், தொகுதி மக்களுக்கு உண்மை நிலவரம் தெரிந்தது. நான்கு கோரிக்கைகளை ஒரே மூச்சில் அடுக்கினால் அமைச்சர் அவற்றில் எளிதான ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லி உட்கார்ந்துவிடலாம். விதிப்படி அதில் தவறும் இல்லை.

மனுக்கள் குழுவை மக்கள் இன்னும் அதிகமாகப் பயன்படுத்த வேண்டும். குழு ஒரு மாவட்டத்துக்கு வருமுன் செய்தித்தாளில் அறிவிப்பு வரும். நீண்ட காலமாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும், ஒரு மனுவில் ஒரே துறை சார்ந்த ஒரே பொருள் இருக்க வேண்டும், நீதிமன்றத்தில் வழக்கு இருக்கக் கூடாது. ஐந்து நகல்கள் கேட்பது வழக்கம். சாலை, குடிநீர், பட்டா மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் மனு எந்தத் துறைக்கும் போகாமல் தள்ளுபடியாகும்.

தொகுதி மேம்பாட்டு நிதியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் மக்கள் முதலில் கேட்பது அதைத்தான். ஆண்டுக்கு ஒரு தொகுதிக்கு 3 கோடி ரூபாய். உறுப்பினர் பரிந்துரைப்பார், மாவட்ட ஆட்சியர் அனுமதிப்பார், அரசுத் துறைகள் வேலையைச் செய்யும். பணம் உறுப்பினர் கைக்கு வருவதே இல்லை. இதில் சம்பளம் கொடுக்க முடியாது, அன்றாடப் பராமரிப்பும் முடியாது. நிழற்குடை, வகுப்பறை, நியாயவிலைக் கடைக் கட்டடம் என்று பெரும்பாலும் கட்டுமானம்தான். மேலே சொன்ன அதே கோளாறு இங்கே இன்னும் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு துணைச் சுகாதார நிலையக் கட்டடத்துக்குப் பரிந்துரைக்கும் முன், கிராமச் சுகாதாரச் செவிலியர் பணியிடம் அங்கே அனுமதிக்கப்பட்டிருக்கிறதா, அவர் அங்கே தங்குவாரா, தண்ணீர் இணைப்புக்கும் மின்சாரத்துக்கும் யார் கட்டணம் கட்டுவார் என்று துறையிடமிருந்து எழுத்தில் வாங்க வேண்டும். அந்தக் கடிதம் வராத கட்டடத்துக்குப் பரிந்துரைக்காமல் இருப்பதே நல்லது. அந்தப் பணத்தை ஏற்கெனவே ஆள் இருந்து இடமில்லாமல் தவிக்கும் பள்ளிக்குக் கொடுக்கலாம்.

2022 ஆகஸ்டில் முதலமைச்சர் எல்லாத் தொகுதி உறுப்பினர்களிடமும் தலா 10 முக்கியக் கோரிக்கைகளைக் கேட்டுக் கடிதம் எழுதினார், கட்சி வேறுபாடின்றி. 234 தொகுதிகளிலிருந்தும் பட்டியல் போனால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகள். இப்படியொரு வாய்ப்பு வரும்போது பத்தில் எத்தனை கட்டடமாகவும் எத்தனை ஏற்கெனவே இருப்பதை ஓட வைப்பதாகவும் இருக்க வேண்டும் என்று உட்கார்ந்து பிரித்துப் பார்த்த அலுவலகங்களே பலன் பெறும். புறவழிச்சாலையும் கலைக் கல்லூரியும் பட்டியலில் இருக்கட்டும், அவை தேவைதான். கூடவே ஆய்வக நுட்புநர் பணியிடம், ஓட்டமானி, நின்றுபோன இரவுப் பேருந்து நடை ஆகியவையும் இருந்தால், கல்லூரிக்கு நிலம் தேடி முடிப்பதற்குள் இவை மூன்றும் நடந்திருக்கும்.

மனு கொடுக்க வருகிற மக்களிடம் உறுப்பினரின் அலுவலகம் நான்கு விவரங்களைக் கேட்டு வாங்கினால் பாதிச் சுமை குறையும்: சரியான இடம், எந்தத் தேதியிலிருந்து குறை, எத்தனை பேர் பாதிக்கப்படுகிறார்கள், இதற்கு முன் யாரிடம் எந்தத் தேதியில் மனு கொடுத்தார்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனுவின் ரசீது எண் இருந்தால் அதையும் வாங்க வேண்டும். "பல முறை மனு கொடுத்தும் பயனில்லை" என்ற வரி எந்தக் கோப்பிலும் நிற்காது. மூன்று ரசீது எண்கள் நிற்கும்.

காலத்தைப் பற்றியும் ஒன்று. மார்ச், ஏப்ரலில் மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும்போது அந்த ஆண்டின் புத்தகம் அச்சாகி முடிந்துவிட்டது. அப்போது பேசுவது அடுத்த ஆண்டுக்கான விதை. துறைகள் வரும் ஆண்டின் மதிப்பீட்டையும் பணியிட எண்ணிக்கைப் பட்டியலையும் தயாரித்து நிதித்துறைக்கு அனுப்புவது முந்தைய நாட்காட்டி ஆண்டின் கடைசி மாதங்களில். ஒரு சுகாதார நிலையத்துக்குக் கூடுதல் செவிலியர் வேண்டுமென்றால், மாவட்டச் சுகாதார அலுவலரின் கருத்துரு செப்டம்பருக்குள் இயக்குநரகத்தில் இருக்க வேண்டும், உறுப்பினரின் கடிதம் அதே வாரத்தில் துறைச் செயலாளருக்குப் போக வேண்டும், நகல் நிதித்துறைக்கும்.